மலைக்குப் போய் வந்த நெகடிவ்

நேற்று என் கேமரா பையைப் பக்கத்து அரிசிக் கடைத் தராசில் தூக்கி வைத்து நிறுத்துப் பார்த்தேன். 7 கிலோ 400 கிராம். ஸ்டாண்ட் இதில் சேராது, அது தனியாக 3 கிலோ. கடைக்கார அண்ணாச்சி முள்ளைப் பார்த்துவிட்டு, "இம்புட்டையும் தோள்ல போட்டுக்கிட்டா மலையேறுறீங்க?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். 11 வருஷமாக ஞாயிற்றுக்கிழமை விடிகாலைகளில் இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். அடைமழை, வீட்டு விசேஷம், காய்ச்சல் இந்த மூன்றுக்கு மட்டும்தான் விடுமுறை.

பைக்குள் இருப்பது மாமியா ஆர்பி67. 1970இல் ஜப்பானில் தொடங்கிய வரிசை. பேட்டரி கிடையாது, எல்லாம் லீவரும் ஸ்பிரிங்கும்தான். 120 என்கிற அகலமான பிலிம் ரோல் போட்டால் 10 படம். ஒவ்வொன்றும் 6 சென்டிமீட்டருக்கு 7. பழைய சின்ன கேமராவில் 36 படம் விழுமே, அந்தப் பிலிமின் ஒரு கட்டத்தைவிட இது நாலரை மடங்கு பெரிது. நெகடிவை வெளிச்சத்தில் பிடித்தாலே மரத்தில் கொப்பு கொப்பாகத் தெரியும், லென்ஸ் தேவையில்லை. கண்ணுக்கு நேரே வைத்துப் பார்க்கிற கேமராவும் இல்லை. மேலே உள்ள மூடியைத் திறந்து, தலையைக் குனிந்து, கீழே கண்ணாடியில் விழும் பிம்பத்தைப் பார்க்க வேண்டும். அதில் இடம் வலமாகவும் வலம் இடமாகவும் தெரியும். மலையை இடப்பக்கம் தள்ள வேண்டும் என்றால் கேமராவை நினைத்ததற்கு எதிராகத் திருப்ப வேண்டும். கைக்குப் பழக 1 வருஷம் ஆனது.

இது வெளியே தூக்கிப் போவதற்கென்று செய்த கேமரா இல்லை. ஸ்டூடியோக் கேமரா. என்னிடம் இருப்பதும் முதல் 20 வருஷம் ஸ்டூடியோவில்தான் இருந்தது. மதுரைத் தெற்குமாசி வீதிப் பக்கம், மாடியில், சின்ன ஸ்டூடியோ. நடத்திய அண்ணன் அதைச் சக்கரம் வைத்த இரும்பு ஸ்டாண்டில் பூட்டி, ஊட்டிப் பூங்கா வரைந்த ஸ்கிரீனைப் பார்க்க நிறுத்தியிருந்தார். காதுகுத்து, பூப்பு நீராட்டு, கல்யாணமான கையோடு எடுக்கிற ஜோடிப் படம், ஊருக்குப் போகுமுன் குடும்பப் படம் எல்லாம் அந்த ஸ்கிரீன் முன்னால்தான். என் பள்ளிக்கூட நாளில் எங்கள் வீட்டுக் குடும்பப் படத்தையும் அவர்தான் எடுத்தார். டிஜிட்டல் வந்தபிறகு அந்தக் கேமரா துணி போர்த்தப்பட்டு மூலையில் நின்றது. நான் கேட்டபோது விலை சொல்லவில்லை. "எடுத்துட்டுப் போப்பா. ஆனா சும்மா வச்சிருக்காத" என்றார். கூடவே, காலி மஞ்சள் ஃபில்டர் பெட்டி, ஷட்டரை அமுக்குகிற கேபிள், ஒரு லைட் மீட்டர், 'இந்து' என்று அச்சடித்த பழைய போட்டோ பேப்பர் டப்பா ஒன்று.

அந்த டப்பாவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும். நம் தமிழ்நாட்டிலேயே பிலிம் செய்தோம். ஊட்டியில் இருந்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1960இல் தொடங்கிய அரசு நிறுவனம். கறுப்பு வெள்ளை ரோல், எக்ஸ்ரே பிலிம், ஸ்டூடியோக்காரர்கள் பிரிண்ட் போடுகிற பேப்பர் எல்லாம் அங்கிருந்து வந்தன. மதுரையில் பழைய ஸ்டூடியோக்காரர் யாரிடம் கேட்டாலும் 'இந்து' என்ற அதன் பிராண்டுப் பெயரைச் சொல்வார். இப்போது என் ரோல் இங்கிலாந்தில் இருந்து வருகிறது, இல்ஃபோர்ட் ஹெச்பி5 பிளஸ். ஒன்று ஆயிரம் ரூபாய் பக்கம். 10 படத்துக்கு வகுத்தால் ஒரு அமுக்கு 100 ரூபாய். அதனால்தான் யோசித்து எடுக்கிறாயா என்று நண்பர்கள் கேட்பார்கள். காசு ஒரு காரணம்தான். அதுதான் காரணம் என்றால் போனில் எடுத்துவிட்டுப் போயிருப்பேன், அதற்கு ஒரு பைசா செலவில்லை.

ஏன் இதைத் தூக்கிக்கொண்டு போகிறேன் என்பது எனக்கே ஒரு நஷ்டத்துக்குப் பிறகுதான் தெளிவானது.

ஆரம்பத்தில் கலர் ரோலும் எடுத்தேன். ஒரு சித்திரைத் திருவிழாவில் தல்லாகுளத்தில் அழகரை வரவேற்கும் எதிர்சேவை, மறுநாள் விடியலில் அழகர் ஆற்றில் இறங்கியது, இரண்டும் சேர்த்து 3 ரோல். கூட்டத்தில் ஸ்டாண்ட் வைக்க வழியில்லை, கேமராவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு 5 மணி நேரம் நின்றேன். தண்ணீர் பீய்ச்சுகிற பக்தர் ஒருவர் நான் குனிந்து கண்ணாடியைப் பார்ப்பதைக் கண்டு, தோல் பையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்த 3 ரோலையும் வெளியூரில் இருக்கும் லேப் ஒன்றுக்குக் கூரியரில் அனுப்பினேன். 2 வாரத்தில் ஸ்கேன் மெயிலில் வந்தது. நெகடிவ் வரவில்லை. கூப்பிட்டுக் கேட்டால், "ஸ்கேன்தான் அனுப்பிட்டோமே சார், நெகடிவ வச்சு என்ன செய்யப் போறீங்க? கழிச்சுட்டோம்" என்றார்கள்.

அன்றைக்கு ராத்திரி நான் சாப்பிடவில்லை. படங்கள் கணினியில் இருக்கின்றன, நன்றாகவே இருக்கின்றன. பிறகு எதற்காக இப்படி வலிக்கிறது என்று யோசித்தபடி படுத்திருந்தேன். அப்பத்தா ஞாபகம் வந்தது.

அப்பத்தா வருஷம் ஒருமுறை அழகர்மலைக்குப் போய் நூபுர கங்கையில் குளித்து, ராக்காயியைக் கும்பிட்டு, ஒரு பித்தளைச் சொம்பில் தீர்த்தம் பிடித்து வரும். மலையில் இருந்து பஸ் ஸ்டாண்டு வரை, அங்கிருந்து வீடு வரை, சொம்பை யாரிடமும் தராது. வயதான காலத்தில் முடியாமல் போனபோது அப்பா, "அங்கிட்டு போறவங்ககிட்டச் சொல்லி ஒரு கேன் வாங்கியாரச் சொல்றேன், இல்லாட்டி நம்ம கிணத்துத் தண்ணியில ரெண்டு துளசியப் போட்டு வச்சுக்க" என்றார். அப்பத்தா கேட்டது இதுதான்: "கிணத்துத் தண்ணி மலைக்குப் போயிட்டு வந்துச்சாடா?"

நெகடிவ் மலைக்குப் போய் வந்தது. அவ்வளவுதான் விஷயம். பாறையில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் லென்ஸ் வழியாக வந்து அந்தப் பிலிமில் இருக்கிற வெள்ளி உப்பை மாற்றியது. பாறைக்கும் அந்த வெள்ளிக்கும் நடுவில் கண்ணாடியையும் காற்றையும் தவிர வேறு எதுவும் இல்லை. அழகர் ஆற்றில் இறங்கிய நேரத்தில் அந்த பிலிம் ஆற்றில், அவருக்கு எதிரே, இருந்தது. அதைத்தான் கழித்துவிட்டார்கள். ஸ்கேன் அதைப் பார்த்து எழுதிய நகல். நகல் எத்தனை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், போய் வந்தது ஒன்றுதான்.

அதற்குப் பிறகு கலர் எடுப்பதில்லை. கறுப்பு வெள்ளை மட்டும்தான், கழுவுவது வீட்டிலேயே. ஒரு ரோலும் என் கையை விட்டு வேறு கைக்குப் போவதில்லை.

கீழக்குயில்குடிக்குத்தான் அதிகம் போவேன். அரசரடியில் இருந்து காளவாசல், தேனி ரோடு, நாகமலைப் புதுக்கோட்டை அருகே இடப்பக்கம். டிவிஎஸ் எக்ஸ்எல்லில் முன்னால் கால் வைக்கிற இடத்தில் பை, குறுக்கே கட்டிய ஸ்டாண்ட். நாலரைக்கெல்லாம் அய்யனார் கோயில் ஆலமரத்தடியில் வண்டியை நிறுத்திவிடுவேன். சமணர் மலை அப்போது வெறும் கறுப்பு. தாமரைக் குளத்தில் தவளைச் சத்தம். மேலே பேச்சிப்பள்ளத்திலும், தென்மேற்கே செட்டிப்புடவிலும் ஆயிரம் வருஷத்துக்கு முந்திய தீர்த்தங்கரர் சிற்பங்கள் இருக்கின்றன. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம், அங்கே ஸ்டாண்ட் வைக்க முன் அனுமதி வேண்டும். அதனால் மேலே போகிற நாளில் ஸ்டாண்டைக் கீழே விட்டுவிட்டு, வெயில் ஏறியபின் கையில் பிடித்து எடுப்பேன். விடியல் படம் குளத்தங்கரையில் இருந்து.

போன மார்கழியில் எடுத்த ஒரு படத்தைச் சொல்கிறேன். மலைக்குப் பின்னால் வெளுப்பு தட்ட ஆரம்பித்த நேரம். மீட்டர் 10 விநாடி காட்டியது. ஆனால் பிலிமுக்கு ஒரு குணம் உண்டு: மங்கலான வெளிச்சத்தில் நேரம் கூடக் கூட அதன் வேகம் சோர்ந்துபோகும். 10 விநாடி கேட்கிற இடத்தில் இந்த ரோலுக்கு 20 கொடுக்க வேண்டும். கேமராவுக்குள் பிம்பத்தைத் திருப்பிவிடும் கண்ணாடியை முதலில் மேலே தூக்கிவிட்டேன், இல்லையென்றால் அது அடிக்கிற அடியில் ஸ்டாண்டே அதிரும். பிலிமை மூடியிருக்கும் தகட்டை உருவிச் சட்டைப் பையில் வைத்தேன். காற்று இருந்தது, ஆலம் விழுதுகள் ஆடிக்கொண்டிருந்தன. நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கோயில் வாசல் பெருக்க வந்த அம்மா விளக்குமாறோடு பக்கத்தில் வந்து, நான் பார்க்கிற திசையையே பார்த்து நின்றார்.

"எதுக்குப்பா காத்திருக்க?"

"காத்து நிக்கட்டும்னுதாம்மா."

"நிக்கும். சூரியன் எட்டிப் பாக்குறதுக்கு முன்னாடி ஒரு நிமிசம் கப்புனு நிக்கும்."

நின்றது. கேபிளை அமுக்கி எண்ணத் தொடங்கினேன். பதினொன்று எண்ணும்போது குளத்துக்கு மேலே ஒரு கொக்கு இந்தக் கரையில் இருந்து அந்தக் கரைக்குப் பறந்தது. நெகடிவில் கொக்கு இல்லை. 20 விநாடியில் அது எங்கேயும் தங்கவில்லை. ஆனால் அந்த வெள்ளி உப்பு கொக்கையும் பார்த்தது என்று எனக்குத் தெரியும்.

அந்த அம்மா சொன்ன நிமிசத்தை அதற்குப் பிறகு பல இடங்களில் நம்பியிருக்கிறேன். பெரும்பாலும் பொய்த்ததில்லை.

இந்த மண்ணில் கேமராவைச் சுமந்து அலைந்தவர்களில் எனக்கு மூத்தவர் ஒருவர் உண்டு. லின்னேயஸ் ட்ரைப், கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் இருந்த கேப்டன், பிறகு சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரர். 1857 டிசம்பரில் கிளம்பி ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றினார். சாமான்களுக்கு மாட்டு வண்டி. அவர் நெகடிவ் பிலிம் இல்லை, காகிதம். ஏறக்குறைய 15 அங்குல அகலம். 1858 தொடக்கத்தில் மதுரையில் திருமலை நாயக்கர் மஹால், புது மண்டபம், தெப்பக்குளம், திருப்பரங்குன்றம், கோயில் நகைகள் என்று எடுத்துத் தள்ளியிருக்கிறார். மறு வருஷம் கவர்னராக வந்த ட்ரெவெல்யன், நிதி இருக்கும் நிலையில் இது ஆடம்பரம் என்று அந்த வேலையை முடித்துவைத்தார். அந்தக் காகித நெகடிவுக்கு வானத்தின் நீலமும் வெள்ளையும் ஒன்றுதான். வானம் வெறுமையாக வெளுத்துப்போகும். அதனால் ட்ரைப் நெகடிவின் மேலேயே தூரிகையால் மேகம் தீட்டினார். நான் அதே வானத்துக்கு மஞ்சள் ஃபில்டர் போடுகிறேன். மேகம் தானாக வருகிறது, ஆனாலும் அவர் தீட்டிய மேகங்கள் மேல் எனக்கு ஒரு பிரியம்.

அவர் வைகையை எடுத்த படம் ஒன்று இருக்கிறது. ஆற்றின் குறுக்கே தரைப்பாலம், அந்தப் பக்கம் ஊர். ஏ.வி. (ஆல்பர்ட் விக்டர்) பாலம் 1889இல் வந்தது, படத்துக்கு அதைத் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வடகரையில் அந்த இடத்தைத் தேடிக்கொண்டு நின்றேன். ஆகாயத்தாமரை, கரையோரச் சுவர், பாலத்தில் இடைவிடாத வண்டிகள். அவர் நின்ற மணல் சரியாக எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் 1858இல் ஒரு காகிதம் இந்த ஆற்றைப் பார்க்க இங்கே வந்து திரும்பியிருக்கிறது. மீனாட்சியம்மன் கோயிலுக்குள் இன்று போன்கூட எடுத்துப் போக முடியாது. நான் குறை சொல்லவில்லை, கும்பிடுகிற இடம் அது. அதனாலேயே அந்தக் காகிதங்களை அவர் கொண்டுபோய்த் திரும்பிக் கொண்டுவந்ததன் அருமை கூடுகிறது.

வீட்டில் கழுவுவது பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனென்றால் மதுரையில் அது பாதி வேலை. ரோலை இருட்டுப் பைக்குள் கைவிட்டு, தடவித் தடவிச் சுருளில் ஏற்ற வேண்டும். மே மாதம் அந்தப் பைக்குள் 2 நிமிடத்தில் கை வேர்த்துவிடும். வேர்த்த விரல் பட்டால் பிலிம் சுருளில் ஒட்டிக்கொண்டு ஏறாது. அப்போது இழுக்கக் கூடாது. வெளிச்சம் புகாத டாங்குக்குள் எல்லாவற்றையும் போட்டு மூடிவிட்டு, கையை வெளியே எடுத்து, துடைத்து, மின்விசிறிக்குக் கீழே 10 நிமிடம் உட்கார்ந்து, திரும்பவும் முதலில் இருந்து. எனக்கு ஒருமுறை ஒரே ரோலுக்கு 5 தடவை ஆனது.

அப்புறம் தண்ணீர். பிலிமில் படத்தை வெளியே கொண்டுவருகிற டெவலப்பருக்கு 20 டிகிரி என்று புத்தகம் சொல்லும். நம் மாடித் தொட்டியில் இருந்து மத்தியானம் வருகிற தண்ணீரில் முட்டை வேகும். அதனால் நான் கழுவுவது விடிகாலை 4 மணிக்கு. முந்தின ராத்திரியே டி-76 டெவலப்பர் பாட்டிலையும், படத்தை நிலைக்கவைக்கிற ஹைப்போ பாட்டிலையும் கழுவுகிற தண்ணீரையும் ஐஸ் போட்ட பெரிய வாளிக்குள் இறக்கிவிடுவேன். மூன்றும் ஒரே சூட்டில் இருக்க வேண்டும். டெவலப்பர் குளிர்ந்து, கழுவுகிற தண்ணீர் சூடாக இருந்தால் பிலிமின் மேல்பூச்சு சுருங்கி, காய்ந்த கண்மாய் மாதிரி வெடிக்கும். டெவலப்பரும் தண்ணீரும் சம பங்கு, 20 டிகிரியில் 11 நிமிடம். கடைசி அலசலுக்கு பேட்டரித் தண்ணீர், மெக்கானிக் கடையில் கேனில் கிடைப்பது. நம் குழாய்த் தண்ணீரில் அலசினால் காய்ந்ததும் உப்புக் கறை வானத்தில் வட்ட வட்டமாக நிற்கும். பிறகு குளியலறைக் கொடியில் துணிக் கிளிப்பில் தொங்கவிட்டு, 3 மணி நேரம் யாரும் உள்ளே போகக் கூடாது. என் மனைவி துணி துவைக்கிற நாளையே மாற்றி 8 வருஷமாகிறது. இதை எங்காவது எழுதி வைக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன், எழுதிவிட்டேன்.

2024 நவம்பரில் அரிட்டாபட்டி, மேலூர்ப் பக்கத்தில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிந்ததாக அறிவிப்பு வந்தபோது நான் தொடர்ந்து ஞாயிறுதோறும் அரிட்டாபட்டிக்குப் போனேன். 2022இல்தான் அதைப் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவித்தார்கள், தமிழ்நாட்டிலேயே முதலாவது. கழிஞ்சமலைக் குகைத்தளத்துத் தமிழி (தமிழ் பிராமி) கல்வெட்டு, சிவனுக்கான குடைவரை, பாறை உச்சியில் கூடு வைக்கும் வல்லூறு, ஆனைகொண்டான் கண்மாய் எல்லாம் ஒரு சின்ன வட்டத்துக்குள் இருக்கிற ஊர். அந்த ரோடு நெடுக, கிரானைட்டுக்காக முன்பே வெட்டிய குன்றுகள் இருக்கின்றன. கேக் வெட்டிய மாதிரி நேர்க்கோட்டில் நிற்கும் பாறை, கீழே பச்சைத் தண்ணீர். அந்தக் குன்றுகளை வெட்டுவதற்கு முன்னால் யாராவது ஒரு பிலிமை அங்கே கொண்டுபோய் நிறுத்தியிருப்பார்களா? அது எனக்குள் ஓயாமல் ஓடும் கேள்வி. அந்த வாரங்களில் ஊர்க்காரர்கள் போராடினார்கள், நான் என்னால் முடிந்ததைத் தூக்கிக்கொண்டு போனேன். 400 வேக ரோல், உச்சி வெயில், லென்ஸ் துவாரம் எஃப் 16, ஷட்டர் 1/400 விநாடி. மீட்டரே தேவையில்லை, அந்த வெயிலுக்கு அதுதான் கணக்கு. இந்தக் கேமராவின் அதிகபட்ச வேகமும் 1/400தான். 6 ரோல் எடுத்தேன். 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. அந்த 60 நெகடிவும் இந்து டப்பாவில் இருக்கின்றன. மலையும் இருக்கிறது. இரண்டும் இருப்பது எவ்வளவு நிம்மதி என்பதைச் சொல்லத் தெரியவில்லை.

ஸ்டூடியோ அண்ணனுக்கு இப்போது 74 வயது. முழங்கால் வலி. பல தடவை கூப்பிட்டும் வரவில்லை. "நான் எதுக்குப்பா அங்கிட்டு?" என்பார். சென்ற மாதம் அவரே போன் பண்ணி, "ஞாயித்துக்கிழமை ஆட்டோ வச்சுக்கிட்டுப் போவோமா?" என்று கேட்டார்.

கீழக்குயில்குடியில் ஆலமரத்தடிக் கல்லில் உட்காரவைத்தேன். கேமராவை ஸ்டாண்டில் ஏற்றி, அவர் உயரத்துக்கு இறக்கி, மூடியைத் திறந்துவிட்டேன். கண்ணாடியைத் துண்டால் கழுத்தோடு மூடிக்கொண்டு குனிந்தார். அந்த நேரம் மலை மேல் முதல் வெயில் விழுந்து, பாறை மஞ்சளாகிக்கொண்டிருந்தது, கீழே குளத்தில் தாமரை இலைகள் இன்னும் நிழலில். வெகு நேரம் நிமிரவில்லை. கை மட்டும் பக்கத்துத் திருகைத் தேடிப் பிடித்து, கொஞ்சம் முன்னால், கொஞ்சம் பின்னால் என்று ஃபோகஸ் வைத்தது. அந்தக் கைக்கு எந்தத் திருகு எங்கே என்று மறக்கவே இல்லை.

"இருவது வருசம்" என்றார் துண்டுக்குள் இருந்தே. "இருவது வருசம் இத ஒரு ஸ்கிரீனப் பாக்க வச்சே நிப்பாட்டிட்டேனப்பா."

நான் ஒன்றும் சொல்லவில்லை.

"எத்தன பாக்கி?"

"ஒண்ணு இருக்குண்ணே. பத்தாவது."

"நான் அடிக்கட்டுமா?"

தகட்டை உருவி அவரிடம் கொடுத்தேன். சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். விழுதுகள் ஆடின. காத்திருந்தார். கேபிளைப் பிடித்த கட்டைவிரல் அசையாமல் இருந்தது. விழுதுகள் நின்றன.

ரோலைச் சுற்றி வெளியே எடுத்ததும் என்னிடம் தரவில்லை. ஒட்டுக் காகிதத்தை நாக்கில் தொட்டு, சுற்றி அழுத்தி ஒட்டி, பால்பாயிண்டை வாங்கித் தேதி எழுதினார். வீடு வரும் வரை ஆட்டோவில் அதைக் கைக்குள்ளேயே வைத்திருந்தார்.